செந்த்-எக்சுபெரி: பிரபுவின் பொழுதுபோக்கா, தபால் விமானியின் வேலையா?

வாசகர் கேள்வி
2024 ஜூலை 6

'குட்டி இளவரசன்' எழுதிய அந்த்வான் து செந்த்-எக்சுபெரியை விமானி என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் புரட்டினால் எனக்கு விபத்துகளின் பட்டியல்தான் தெரிகிறது. 1923இல் பாரிஸ் அருகே லெ பூர்ஜே, 1933இல் கடல், 1935இல் பாலைவனம், 1938இல் குவாத்தமாலா. 1944இல் அவராகவே விமானத்தைக் கடலில் செலுத்தி உயிரை மாய்த்துக்கொண்டார் என்று சொல்பவர்களும் உண்டு. விமானம் அவருக்கு ஒரு பிரபுவின் பொழுதுபோக்கு, எழுதுவதற்குக் கிடைத்த சரக்கு, அவ்வளவே என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லலாம்.

ஜூலை 6, இரவு

மறுக்கிறேன். பொழுதுபோக்கு என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

குடும்பப் பெயரில்தான் பிரபுத்துவம் இருந்தது. கையில் பணம் இல்லை. 1900 ஜூன் 29 அன்று லியோன் நகரில் பிறந்தவருக்கு நான்கு வயது நிறைவதற்குள் தந்தை இறந்துவிட்டார். தாய் மாரி ஐந்து பிள்ளைகளையும் உறவினர்களின் ஆதரவில் வளர்த்தார். சிறுவன் கோடை விடுமுறைகளைக் கழித்த செந்-மோரீஸ் மாளிகைகூட உறவுக்காரப் பாட்டி ஒருவருடையது. அதற்கு அருகிலிருந்த அம்பேரியூ விமானத் திடலில் 1912இல், பன்னிரண்டு வயதில், அவர் முதல்முறையாக வானில் ஏறினார். பிறகு கடற்படைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் தோற்றார். நுண்கலைப் பள்ளியில் கட்டடக்கலை வகுப்புகளில் சிறிது காலம் உட்கார்ந்தார். 1921இல் கட்டாய ராணுவச் சேவைக்காக ஸ்ட்ராஸ்பர்க் சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்தது தரையில் செய்யும் வேலை. விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதற்குத் தாயிடம் பணம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நீங்கள் குறிப்பிடும் 1923ஆம் ஆண்டு விபத்தில் அவருடைய மண்டையோடு உடைந்தது. அப்போது லூயிஸ் து வில்மோரேன் என்ற பெண்ணுடன் திருமணம் நிச்சயமாகியிருந்தது. பறப்பதை விட்டுவிட வேண்டும் என்று பெண் வீட்டார் வற்புறுத்தினர். அவரும் விட்டுவிட்டு ஓடு தயாரிக்கும் நிறுவனமொன்றில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தார். திருமணம் எப்படியும் நடக்கவில்லை. பிறகு லாரி விற்கும் முகவராக ஊர் ஊராக அலைந்தார். 1926 அக்டோபரில் துலூஸ் நகரத்து லத்தேகோயேர் விமான நிறுவனத்தின் வாசலில் வந்து நின்றவர் இருபத்தாறு வயதில் நிலையான பிழைப்பு எதுவும் இல்லாத ஒரு மனிதர். அவர் தேடி வந்தது சம்பளத்துக்கு ஒரு வேலை.

ஜூலை 7

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் விபத்துகளை எண்ணுவதில் பயன் இல்லை.

துலூஸில் தபால் பையை ஏற்றிக்கொண்டு பார்சலோனா, அலிகாந்தே, மலகா வழியாக மொராக்கோவின் காசாபிளாங்காவுக்கும், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரையோரமாகவே டக்கார் வரைக்கும் செல்ல வேண்டும். விமானம் முதல் உலகப் போரில் மிஞ்சிய பிரெகே 14. விமானி உட்காரும் இடத்துக்கு மேலே கூரை கிடையாது. வானொலித் தொடர்பு கிடையாது. எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். அப்படி நிற்கும் என்று எதிர்பார்த்தே ஒவ்வொரு விமானியும் புறப்பட்டார்.

இயக்குநர் திதியே தோரா புதிதாக வந்தவர்களை உடனே பறக்க விடுவதில்லை. பட்டறையில் மெக்கானிக்குகளோடு நின்று எஞ்சினைப் பிரித்து சிலிண்டர்களைத் துடைக்க வேண்டும். பிரபு குடும்பத்துப் பிள்ளையும் எண்ணெய்க் கறையோடு அதையே செய்தார்.

முதல்முறையாகத் தபாலோடு ஸ்பெயினைக் கடக்கும் நாளுக்கு முந்தைய இரவில் அவர் ஆன்றி கியோமே என்ற மூத்த விமானியிடம் வரைபடத்தோடு போகிறார். 'மனிதர்களின் பூமி' என்ற பொருள்படும் தலைப்புடைய நூலில் அந்த இரவைப் பற்றி எழுதியிருக்கிறார். கியோமே ஸ்பெயினின் புவியியலைச் சொல்லித் தரவில்லை. குவாதிஸ் ஊரைப் பற்றிப் பேசாமல், அதனருகே ஒரு வயலின் ஓரத்தில் நிற்கும் மூன்று ஆரஞ்சு மரங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். லோர்காவைப் பற்றிச் சொல்லாமல், அதற்குப் பக்கத்தில் ஒரு பண்ணைவீடும் அங்கே ஒரு கணவனும் மனைவியும் இருப்பதைச் சொல்கிறார். அவசரத்துக்கு இறங்கத் தோதாகத் தெரியும் ஒரு புல்வெளிக்குள் ஓடை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதில் சக்கரம் இறங்கினால் விமானம் குட்டிக்கரணம் போடும். ஒரு மலைச்சரிவில் முப்பது ஆடுகள் மேய்கின்றன. இறங்கும் நேரத்தில் அவை சக்கரத்துக்குக் குறுக்கே ஓடி வரும். வரைபடம் அச்சிட்டவர்கள் ஒருவருக்கும் தெரியாத இந்தச் செய்திகளை விளக்கொளியில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்ட மனிதரைப் பொழுதுபோக்குக்காரர் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஜூலை 7, பின்னிரவு

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருக்கிறார். நான் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே அஞ்சல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓடும் ரயிலின் தபால் பெட்டியில் இரவு முழுவதும் நின்றுகொண்டே கடிதங்களைப் பிரித்திருக்கிறேன். பையின் வாயைக் கட்டி முத்திரையிட்ட பிறகு, அதற்குள் இருப்பது யாருடைய கடிதம், என்ன செய்தி என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பை அடுத்த நிலையத்தில் உரிய கைக்குப் போய்ச் சேராவிட்டால் நம்மால் தூங்க முடியாது. செந்த்-எக்சுபெரியை முதலில் படித்தபோது வானமும் விண்மீன்களும் என்னை அவ்வளவாகப் பிடித்து நிறுத்தவில்லை. தபால் பையைப் பற்றி அவர் எழுதும் தொனிதான் பிடித்து நிறுத்தியது. அந்த வேலையைச் செய்யாத ஒருவரால் அப்படி எழுதியிருக்க முடியாது.

ஜூலை 10

கேப் ஜூபி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1927இன் இறுதியில் அவர் அங்கே விமானத் தள அதிகாரியாக நியமிக்கப்பட்டார். அது அப்போது ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்ட சகாராக் கரை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மணல், நடுவே ஸ்பானியக் கோட்டை, அதன் சுவரை ஒட்டி ஒரு மரக் கொட்டகை. குடிநீர் கானரித் தீவுகளிலிருந்து கப்பலில் வர வேண்டும். படுக்கை என்பது ஒரு பலகை, அதன்மேல் மெல்லிய வைக்கோல் மெத்தை. துறவியின் வாழ்க்கை வாழ்கிறேன் என்று தாய்க்கு எழுதினார். பாலைவனத்து ஃபெனெக் நரி ஒன்றை வளர்த்ததைத் தங்கைக்கு எழுதினார். குட்டி இளவரசனோடு பேசும் நரியின் நீண்ட காதுகளை இந்த ஃபெனெக்கிடம் பார்க்கலாம்.

அந்தக் கரையில் எஞ்சின் நின்று இறங்கும் விமானிகளைப் பாலைவனக் குழுக்கள் பிணை பிடித்து வைத்துப் பணம் கேட்டன. சிலர் கொல்லப்பட்டும் இருந்தனர். அதனால் ஆபத்தான பகுதியில் இரண்டு விமானங்கள் சேர்ந்தே பறந்தன. ஒன்று இறங்கினால் மற்றொன்று விமானியை ஏற்றிக்கொள்ள வேண்டும். தளத்தில் இருந்தவருடைய வேலை தபாலை அனுப்புவதோடு முடியவில்லை. விழுந்தவர்களைத் தேடிப் போவது, ஸ்பானிய அதிகாரிகளிடம் பேசுவது, பாலைவனத் தலைவர்களோடு தேநீர் அருந்திப் பழகுவது, அரபு மொழி கற்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. 1930இல் அவருக்குப் பிரெஞ்சு அரசு லெஜியோன் தொனேர் விருது அளித்தது இந்தப் பணிக்காக.

அங்கே பார்க் என்று அழைக்கப்பட்ட ஓர் அடிமை இருந்தார். மராகேஷில் குடும்பத்தோடு வாழ்ந்து, பிடிபட்டு, விற்கப்பட்டவர். செந்த்-எக்சுபெரியும் தோழர்களும் பணம் திரட்டி அவரை வாங்கி விடுவித்து, விமானத்தில் அகாதிருக்கு அனுப்பினர். புது வாழ்க்கை தொடங்குவதற்காகக் கையில் கொடுத்தனுப்பிய பணத்தை, தெருவில் கண்ட ஏழைக் குழந்தைகளுக்குப் பொன்னிழைச் செருப்புகள் வாங்கிக் கொடுத்தே பார்க் தீர்த்துவிட்டார். சுதந்திரமாக இருந்தால் மட்டும் போதாது, நாலு பேருக்குத் தேவைப்பட்டவனாக இருக்க வேண்டும் என்ற ஏக்கமாகவே எழுத்தாளர் அதைப் புரிந்துகொள்கிறார். அடிமை முறையைக் கண்ணெதிரே பார்த்த ஒருவர் அதை எதிர்த்து இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது உண்டு. அந்தச் செருப்புக் காட்சியை மட்டும் மறக்க முடியவில்லை.

ஜூலை 11

மேலே ஒருவர், "பட்டியலில் உள்ள விபத்துகளுக்குப் பதில் சொல்லவில்லையே" என்கிறார். பட்டியலின் ஆண்டுகளை மீண்டும் பாருங்கள்: 1923, 1933, 1935, 1938. அவர் தபால் விமானியாகவும் தபால் தடத்தின் பொறுப்பாளராகவும் இருந்தது 1926 முதல் 1931 வரை. எஞ்சின் நின்று மணலில் இறங்கியது போன்ற நிகழ்ச்சிகள் அந்த ஆண்டுகளில் அவருக்கும் நேர்ந்தன, எல்லோருக்கும் நேர்ந்தன. ஆனால் நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துவைத்த நான்கில் ஒன்றுகூடத் தபால் பை ஏற்றிச் சென்ற காலத்தைச் சேர்ந்தது அல்ல. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஜூலை 14

1929 அக்டோபரில் அவர் புவனஸ் ஐரிஸ் போய்ச் சேர்ந்தார். அர்ஜென்டினாத் தபால் விமான நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பு. படகோனியாவின் பேய்க்காற்றில் தெற்கு நோக்கிப் புதிய தடம் அமைக்கும் வேலை. இரவிலும் பறந்தாக வேண்டிய கட்டாயம் அங்கே இருந்தது. பகலில் ரயிலையும் கப்பலையும் முந்திச் சம்பாதித்த நேரத்தை, விமானம் இரவில் தரையில் நின்றால் இழந்துவிடும். 1931இல் பெமினா பரிசு பெற்ற 'இரவுப் பறத்தல்' நாவல் முழுவதும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது.

இனி கியோமேயைப் பற்றி. 1930 ஜூன் 13 அன்று அவர் தபாலோடு ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடக்கையில் பனிப்புயலில் சிக்கி, லகுனா தெல் தியமாந்தே என்ற ஏரியருகே ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்தில் இறங்கினார். புயல் ஓயும்வரை விமானத்தின் அடியில் பனியைத் தோண்டி, தபால் பைகளைத் தன்னைச் சுற்றி அடுக்கிக்கொண்டு கிடந்தார். பிறகு ஐந்து பகல், நான்கு இரவு நடந்தார். தூங்கினால் உறைந்துபோவோம் என்பதால் தூங்கவில்லை. கால் வீங்கியதால் காலணியைக் கத்தியால் கீறிக் கீறிப் பெரிதாக்கினார். ஒரு கட்டத்தில் விழுந்து, எழ வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். அப்போது காப்பீட்டுத் தொகை நினைவுக்கு வந்தது: உடல் கிடைக்காவிட்டால் இறப்பைச் சட்டப்படி ஏற்க நான்கு ஆண்டுகள் ஆகும்; மனைவி அதுவரை என்ன செய்வாள்? எதிரே தெரிந்த பாறைவரை போய்ச் செத்தால் கோடையில் உடலைக் கண்டெடுப்பார்கள் என்று எழுந்தார். எழுந்தவர் நடந்துகொண்டே இருந்தார்.

செந்த்-எக்சுபெரி நாள் கணக்கில் அந்த மலைகளுக்குமேல் பறந்து தேடியும் கண்டுபிடிக்கவில்லை. பிழைத்து வந்த நண்பர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைத்தார்: நான் செய்ததை எந்த விலங்கும் செய்திருக்காது.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தபால் பைகளில்தான் என் மனம் நிற்கிறது. யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்கள் ஒரு மனிதனுக்குக் குளிர் தாங்கும் சுவராக நின்றிருக்கின்றன.

ஜூலை 15

இரவுப் பறத்தலில் தபால் நிறுவன அதிகாரியாக வரும் ரிவியேர் ஈவிரக்கமற்றவர் என்று வந்த கண்டனத்துக்கு: ஆம், தோராவை மனத்தில் வைத்தே அந்தப் பாத்திரம் எழுதப்பட்டது, நூல் அவருக்கே காணிக்கை ஆக்கப்பட்டது. பனிமூட்டத்தால் தாமதமானாலும் ஊக்கத்தொகையை வெட்டும் அதிகாரியை நான் பணியில் இருந்த காலத்தில் வெறுத்திருப்பேன். தபால் மனித உயிரைவிடப் பெரியதா என்ற கேள்விக்கு நாவல் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. இறந்த விமானி ஃபாபியனின் மனைவி அலுவலகத்துக்கு வந்து நிற்கும் காட்சியில் ரிவியேரிடமும் பதில் இல்லை. எழுத்தாளர் அந்த அதிகாரியைச் சற்று அதிகமாகவே மதித்துவிட்டார் என்பது என் எண்ணம். இளம் வயதில் படித்தபோது இப்படித் தோன்றவில்லை.

ஜூலை 19

1935 பற்றி எழுதுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அங்கே கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

1931இல் அந்தத் தபால் விமான நிறுவனம் நொடித்துப்போனது. பழைய தோழர்கள் சிதறினர். செந்த்-எக்சுபெரி கடல் விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் சேர்ந்து, 1933 டிசம்பரில் செந்-ரஃபாயேல் விரிகுடாவில் நீரில் கவிழ்ந்து மூழ்கிச் சாவின் விளிம்புவரை போய்வந்தார். கடன் கழுத்தைப் பிடித்தது. பாரிஸிலிருந்து சைகோனுக்கு மிகக் குறைந்த நேரத்தில் பறப்பவருக்கு 1,50,000 பிராங்க் பரிசு. 1935 டிசம்பர் முடிவதற்குள் பறக்க வேண்டும். ஆயத்தங்களுக்குப் போதிய நாள் இல்லாமல், 29ஆம் தேதி சிமூன் வகை விமானத்தில் மெக்கானிக் பிரெவோவுடன் கிளம்பினார். எரிபொருளுக்கு இடம் வேண்டும் என்று வானொலிக் கருவியை விட்டுச் சென்றார். பெங்காசியைத் தாண்டி இரவில் மேகத்துக்குள் பறந்தபோது நைல் நதி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. 30ஆம் தேதி அதிகாலை 2.45க்கு, மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் பாலைவன மேட்டில் மோதியது. அந்த மேட்டில் பரவியிருந்த உருண்டைக் கருங்கற்கள் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் உருண்டு அதைச் சறுக்க விட்டதால் இருவரும் உயிர் தப்பினர்.

மிஞ்சியது கொஞ்சம் காப்பி, கொஞ்சம் வெள்ளைத் திராட்சை மது, சில திராட்சைப் பழங்கள், ஓர் ஆரஞ்சு. அந்த ஆரஞ்சின் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு படுத்தபடி விண்மீன்களைப் பார்த்த நிமிடத்தை வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக அவர் எழுதுகிறார். இரவில் பாராசூட் துணியை விரித்துப் பனிநீர் பிடித்தனர். அது வாந்தியைத்தான் கொடுத்தது. கானல் நீரை நம்பி நடந்தனர். நாக்கு தடித்துவிட்ட நிலையில் ஒட்டகத்தோடு வந்த பெதூயின் ஒருவர் அவர்களைக் கண்டு நீர் கொடுத்தார்.

எழுத்து என்று பார்த்தால் இது அவருடைய உச்சம். விமானம் ஓட்டுவது என்று பார்த்தால் தோரா இந்தப் பயணத்துக்கு அனுமதியே கொடுத்திருக்க மாட்டார். 1938 பிப்ரவரியிலும் இதே கதை: நியூயார்க்கிலிருந்து அமெரிக்கக் கண்டத்தின் தென்கோடிக்குச் சாதனைப் பயணம், குவாத்தமாலாவில் மேலெழ முடியாத அளவுக்கு எரிபொருள் பாரம், உடம்பெங்கும் எலும்பு முறிவு. ஓடுதளத்தின் மறுமுனையில் அவரை நம்பி யாரும் தபாலுக்காகக் காத்திருக்கவில்லை. பிறருக்காகப் பறந்தபோது அவரிடம் இருந்த ஒழுங்கு, தனக்காகப் பறந்தபோது நழுவியது என்பதே என் முடிவு.

ஜூலை 20

அவருடைய மனைவி கொன்சுவேலோ பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: எல் சால்வதோரில் பிறந்தவர், 1930இல் புவனஸ் ஐரிஸில் சந்தித்தனர், 1931இல் திருமணம். பிரிவும் சேர்தலுமாகவே இருவர் வாழ்வும் கழிந்தது. அவருடைய பிற தொடர்புகள் மனைவிக்குத் தந்த துன்பத்தை மூடி மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. இளவரசனின் ரோஜாவை கொன்சுவேலோவாகப் பலர் வாசிக்கின்றனர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஜூலை 26

ஜெர்மனி பிரான்சுக்குள் நுழைந்த 1940 மே மாதத்தைச் சொல்லாமல் 1944ஐ விளங்கிக்கொள்ள முடியாது. அவர் சேர்ந்திருந்த 2/33 உளவுப் படையணியின் இருபத்து மூன்று விமானக் குழுக்களில் பதினேழு, மூன்றே வாரங்களில் காணாமல் போயின. மே 23 அன்று அராஸ் நகரின் மேல் தாழப் பறந்து படமெடுத்து வரும்படி அவருக்கு ஆணை. தோற்றுக்கொண்டிருக்கும் படைக்கு அந்தப் படங்கள் பயன்படப் போவதில்லை என்பது அனுப்பியவர்களுக்கும் தெரியும், போனவர்களுக்கும் தெரியும். அதை 'போர் விமானி' என்ற நூலாக எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் கியோமேயும் மத்தியதரைக் கடலின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டார். பழைய தபால் தடத்துத் தோழர் மெர்மோஸ் 1936இலேயே அட்லாண்டிக்கில் மறைந்துவிட்டார்.

பிரான்ஸ் தோற்ற பிறகு செந்த்-எக்சுபெரி நியூயார்க்கில் வாழ்ந்த ஈராண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் ஆங்கிலம் கற்க மறுத்தார். ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு கேட்காமலே அவரை ஓர் அவைக்கு நியமித்தது, அவர் மறுத்தார். வெளிநாட்டிலிருந்து ஜெர்மனியை எதிர்த்துப் போராடிய தெகோலின் ஆதரவாளர்கள் அவரைச் சந்தேகித்தனர். 'போர் விமானி'யை விஷியும் தடை செய்தது, தெகோலின் தரப்பும் அல்ஜியர்ஸில் புழங்க விடவில்லை. 'குட்டி இளவரசன்' இந்த நிலையில் எழுதப்பட்டது. 1943 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளிவந்தது. பசியிலும் குளிரிலும் பிரான்சில் இருக்கும் நண்பர் லெயோன் வெர்த்துக்கு என்ற காணிக்கையோடு வந்த அந்த நூலைக் குழந்தைக் கதை என்று ஒதுக்குபவர்கள் காணிக்கைப் பக்கத்தை ஒருமுறை படிக்க வேண்டும். அந்த மாதமே அவர் வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார், மீண்டும் பறப்பதற்காக.

ஜூலை 31

இன்றோடு 80 ஆண்டுகள். தற்கொலை என்ற பேச்சுக்கு வருகிறேன்.

நாற்பத்து நான்கு வயது. லைட்னிங் விமானம் ஓட்ட அனுமதிக்கப்பட்ட வயதைத் தாண்டிவிட்டார். பழைய முறிவுகளால் பறக்கும் உடையை அணியவே பிறர் உதவி வேண்டும். 1943 ஆகஸ்டில் இறங்கும்போது விமானத்தைச் சேதப்படுத்தியதால் மாதக் கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டார். மேலதிகாரிகளின் கதவைத் தட்டித் தட்டி, ஐந்து பயணம் என்ற வரம்போடு அனுமதி பெற்று, அந்த வரம்பையும் தாண்டிப் பறந்துகொண்டிருந்தார். 1944 ஜூலை 31 காலை 8.45 மணிக்கு கோர்சிகாத் தீவின் போர்கோ தளத்திலிருந்து, ஆயுதம் இல்லாத படமெடுக்கும் விமானத்தில், கிரெனோபிள், அன்னெசி பக்கமாகப் புறப்பட்டார். பிற்பகல் 2.30 மணிக்கு மேல் பறக்க அவரிடம் எரிபொருள் இல்லை. அவர் திரும்பவில்லை.

தற்கொலை என்போர் காட்டும் சான்று, கடைசி நாட்களில் நண்பர் தலோஸுக்கு அவர் எழுதிய கடிதம்: வீழ்ந்தாலும் வருந்த மாட்டேன், வரவிருக்கும் கரையான் புற்று உலகம் அச்சமூட்டுகிறது, நான் தோட்டக்காரனாக இருக்கப் பிறந்தவன். சோர்வு அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் சாவதற்கு அஞ்சாதிருப்பது வேறு, சாவைத் தேடிப் போவது வேறு. எதிர்பார்த்திருந்த படங்களை எடுத்துவரும் கடமையை விட்டுவிட்டு வேண்டுமென்றே கடலில் போய் விழுந்தார் என்று சொல்ல வேண்டுமானால், தபால் நாட்களிலிருந்து அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் பொய் என்று சொல்ல வேண்டும். நான் அதற்குத் தயாராக இல்லை.

ஆகஸ்ட் 2

ஜெர்மன் விமானி சுட்டு வீழ்த்தியது நிரூபணமாகிவிட்டதே என்ற பதிலுக்கு: நிரூபணமாகவில்லை. 1998 செப்டம்பரில் மார்சேய் அருகே ரியூ தீவையொட்டி மீனவர் ழான்-குளோத் பியாங்கோவின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று வந்தது. அதில் அவர் பெயரும், கொன்சுவேலோவின் பெயரும், நியூயார்க் பதிப்பகத்தின் முகவரியும் பொறிக்கப்பட்டிருந்தன. 2000இல் முக்குளிப்பாளர் லுயுக் வான்ரெல் அப்பகுதியில் விமானச் சிதைவுகளைக் கண்டார். 2003இல் மேலே எடுத்த துண்டு ஒன்றில் இருந்த தயாரிப்பு எண்ணைக் கொண்டு அது அவருடைய விமானமே என்று 2004இல் உறுதி செய்தனர். அந்தத் துண்டுகள் இப்போது லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் உள்ளன. 2008இல் ஹோர்ஸ்ட் ரிப்பெர்ட் என்ற முன்னாள் ஜெர்மன் விமானி தானே சுட்டதாகச் சொன்னார். அதற்கு ஆவணச் சான்று ஏதும் வெளிவரவில்லை. எங்கே விழுந்தார் என்பது தெரிந்துவிட்டது. எதனால் என்பது திறந்தே இருக்கிறது.

ஆகஸ்ட் 3

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டவருக்கு. 'மனிதர்களின் பூமி'யில் கியோமே வரும் அத்தியாயத்தை முதலில் படியுங்கள், பிறகு பாலைவன அத்தியாயம், அதன் பிறகு 'இரவுப் பறத்தல்'. 'குட்டி இளவரசன்' தமிழில் வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகியோரின் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாக 1981இல் வந்தது. பிரெஞ்சிலிருந்து நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பு. அதை மற்றவற்றுக்குப் பிறகு மீண்டும் எடுத்தால், எஞ்சின் பழுதாகி, மெக்கானிக் துணையில்லாமல், ஒரு வாரத்துக்கே தண்ணீர் வைத்துக்கொண்டு திருகாணியோடு போராடும் கதைசொல்லியை நீங்கள் முன்பே அறிந்திருப்பீர்கள். பிரெஞ்சு படிக்கக் கூடியவர்கள் 1955இல் வெளியான, தாய்க்கு எழுதிய கடிதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேப் ஜூபியிலிருந்து எழுதியவை அந்தத் தொகுப்பில் இருக்கின்றன.